பூமிக்குள் புதைக்கும் கரியமில வாயு: காவல் காப்பது யார்?

தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாய் வழியே கொண்டுபோய், பூமிக்கு அடியில் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் நிரந்தரமாகப் புதைத்து வைக்கும் தொழில்நுட்பம் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. உலகம் சூடாவதைக் குறைக்க இதுவும் ஒரு வழி என்கிறார்கள் அறிவியலாளர்கள். "உள்ளே அனுப்பியது வெளியே வந்தால் என்ன ஆகும்?" என்பது சாதாரண மக்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேட வேண்டுமானால், புதைத்த பிறகு அந்த வாயுவை எப்படிக் கண்காணிக்கிறார்கள், ஆபத்து தெரிந்தால் யார், எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானகரத்தில் வாழும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நம் வீடுகளில் எரியும் மின்விளக்கிலும், வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பணியிடத்திலும், நம்மில் பலருடைய சொந்த ஊர் மண்ணுக்கு அடியிலும் இந்த விஷயம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த வாயுதான்

கரியமில வாயு நமக்குப் புதிதல்ல. நாம் விடும் மூச்சில் இருப்பது அதுதான். சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்குவது அதுதான். அம்பத்தூர் பட்டறைகளில் 'சிஓ2 வெல்டிங்' செய்யும் தம்பிமார் தினமும் சிலிண்டரில் கையாள்வதும் அதே வாயுதான். அது எரியாது, வெடிக்காது. ஆனால் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்தில் தேங்கினால் காற்றை வெளியே தள்ளிவிடும். பாழுங்கிணற்றில் இறங்கும் முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது அணைகிறதா என்று பார்க்கும் வழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. அவர்கள் பயந்தது இப்படித் தேங்கி நிற்கும் வாயுவுக்குத்தான்.

1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்ற ஏரியின் அடியில் இயற்கையாகச் சேர்ந்திருந்த கரியமில வாயு திடீரென்று மேலே கிளம்பிப் பள்ளத்தாக்கில் பரவியது. சுமார் 1,700 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது எரிமலைப் பகுதி ஏரி. ஆழமான பாறைக்குள் புதைக்கும் திட்டத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனாலும், இந்த வாயுவைப் பெருமளவில் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டு அசட்டையாக இருக்க முடியாது என்பதற்கு அந்த இரவு ஓர் எச்சரிக்கை.

எப்படிப் புதைக்கிறார்கள்?

நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்கும்போது சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்தின் கணக்கில் ஏறுவது 280 கிலோ. 1,000 மெகாவாட் திறனுள்ள ஓர் அனல் மின்நிலையம் ஓராண்டில் வெளியிடுவது ஏறத்தாழ 60 லட்சம் டன்.

ஒரு டன் வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் 2,000 சதுர அடி வீடு முழுவதையும் நிரப்பும். அதையே 800 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் செலுத்தினால், அங்குள்ள அழுத்தமும் வெப்பமும் அதைத் திரவம் போல அடர்த்தியாக்கிவிடும். அப்போது அந்த ஒரு டன், மொட்டை மாடியில் வைக்கும் 1,500 லிட்டர் தண்ணீர் டேங்கில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்குகிறது. ஆழத்துக்குப் போவதற்கு இதுவே முதல் காரணம்.

பூமிக்குள் பெரிய குகை எதுவும் இருந்து அதில் நிரப்புவதில்லை. மணற்பாறையில் மணிகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். ஆழத்தில் அவற்றில் உப்புநீர் நிறைந்திருக்கும். பஞ்சில் தண்ணீர் ஏறுவது போல அந்த இடைவெளிகளுக்குள் வாயு நுழைகிறது. உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே எழப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்த, மேலே களிப்பாறையாலான கெட்டியான மூடி ஒன்று வேண்டும். அடியில் மணற்பாறை, மேலே மூடிப்பாறை என்ற இரண்டும் சேர்ந்து அமைந்த இடமே இதற்கு ஏற்ற இடம். காலப்போக்கில் வாயுவில் ஒரு பகுதி உப்புநீரில் கரையும். ஒரு பகுதி பாறை இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். நீண்ட காலத்தில் கொஞ்சம் கனிமமாகவே மாறும்.

வானகரம், மதுரவாயல், பூந்தமல்லிப் பகுதிகளுக்கு அடியில் இது நடக்குமா? அதற்கான அமைப்பு இங்கே இல்லை. சென்னையின் அடித்தளம் சார்னகைட் போன்ற கடினப் பாறை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் அது தலைநீட்டி நிற்பதைப் பார்க்கலாம். மேற்குப் புறநகரில் அதன்மேல் வண்டலும் களிமண்ணும் பழைய படிவுகளும் படிந்திருந்தாலும், இத்தகைய ஆழமான, பரந்த சேமிப்புக்கு அவை போதாது. ஆனால் காவிரிப் படுகையின் கதை வேறு. அதற்குப் பிறகு வருவோம். முதலில், ஏற்கெனவே புதைத்துப் பார்த்த ஒரு முஸ்லிம் நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம்.

சஹாரா சொன்ன பாடம்

அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில் இன் சாலா என்ற எரிவாயுத் திட்டம் 2004ல் தொடங்கியது. அல்ஜீரிய அரசு நிறுவனமான சோனாட்ராக், பிரிட்டனின் பிபி, நார்வேயின் ஸ்டாட்ஆயில் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தின. அங்கு எடுத்த இயற்கை எரிவாயுவில் கரியமில வாயு அதிகமாகக் கலந்திருந்தது. விற்பனைக்கு முன் அதைப் பிரித்தாக வேண்டும். வழக்கமாக அதைக் காற்றில் விட்டுவிடுவார்கள். இங்கே மூன்று கிணறுகள் வழியாக, சுமார் 1.9 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 20 மீட்டர் மட்டுமே தடிமனுள்ள மணற்பாறைத் தளத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் களிப்பாறை மூடி இருந்தது.

எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றியது. ஆனால் வானத்திலிருந்து ஒரு கண் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூமியைச் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள், ஒரே இடத்தின் மேல் திரும்பத் திரும்பப் பறந்து, தரைமட்டம் சில மில்லிமீட்டர் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். கிணறுகளைச் சுற்றியுள்ள தரை ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வீதம் மேலே எழும்புவதை அது காட்டியது. இரண்டு கிலோமீட்டர் அடியில் கூடிய அழுத்தம் பாலைவனத்தின் மேற்பரப்பையே மெல்ல உயர்த்தியிருந்தது. ஒரு கிணற்றருகே அந்த வீக்கம் இரண்டு மடல்களாகப் பிரிந்து தெரிந்தது. அடியில் பாறையில் விரிசல் திறந்திருக்கிறது என்பதன் அடையாளமாக ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள்.

2007ல் இன்னொரு செய்தி வந்தது. வாயு செலுத்திய கிணறு ஒன்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அப்பால், முன்பு ஆய்வுக்காகத் தோண்டிப் பயன்படுத்தாமல் விட்டிருந்த கேபி-5 என்ற பழைய கிணற்றின் வாயில் கரியமில வாயு தென்பட்டது. அளவு சிறிதுதான். ஆனால் எந்தக் கிணற்று வாயு இது? அதைக் கண்டுபிடிக்க முன்கூட்டியே ஒரு வழி செய்திருந்தார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் செலுத்தும் வாயுவோடு அடையாளப் பொருளாக ஒரு தனி வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். அதை வைத்து ஆளைப் பிடித்தாயிற்று. சம்பந்தப்பட்ட கிணற்றில் செலுத்துவதை நிறுத்தினார்கள். பழைய கிணற்றை முறையாக அடைத்த பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள்.

2010ல் எல்லாத் தரவுகளையும் மறுபரிசீலனை செய்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். மூடிப்பாறையின் உறுதி பற்றிய கவலை தீராததால் 2011ல் செலுத்துவதையே நிறுத்திவிட்டார்கள். ஏழு ஆண்டுகளில் உள்ளே போனது சுமார் 38 லட்சம் டன். மேலே சொன்ன அனல் மின்நிலையம் எட்டு மாதத்தில் வெளியிடும் அளவு அது. வாயு மூடிப்பாறையைக் கிழித்துக்கொண்டு தரைக்கு வந்ததாகப் பதிவு இல்லை.

இதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. சேமிப்புத் திட்டமாகப் பார்த்தால் அது எதிர்பார்த்ததை எட்டவில்லைதான். ஆனால் கண்காணிப்பைப் பொறுத்தவரை அது செய்ய வேண்டியதைச் செய்தது. ஆபத்து வருவதற்கு முன்பே கண்டது, சொன்னது. நடத்துபவர்கள் கேட்டார்கள், நிறுத்தினார்கள். பாதுகாப்பு என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்: காண்பது, சொல்வது, கேட்டு நிறுத்துவது.

எதையெல்லாம் கண்காணிக்கிறார்கள்?

நோயாளியைக் கவனிக்கும் மருத்துவர் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவெடுப்பதில்லை. பிரஷர் பார்ப்பார், இரத்தப் பரிசோதனை எழுதுவார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இங்கேயும் அப்படித்தான்.

அழுத்தம்: கிணற்றின் அடியில் பொருத்திய கருவி இரவும் பகலும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து அனுப்பும். முதலில் எச்சரிப்பது பெரும்பாலும் இதுதான். அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறினால், பாறையில் இடம் போதவில்லை என்று பொருள். திடீரென்று இறங்கினால், வாயு வேறெங்கோ வழி கண்டுபிடித்திருக்கலாம்.

சீஸ்மிக் சர்வே: தரையில் அல்லது கடலில் ஒலி அலைகளை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துப் படம் வரைவது. கருவில் இருக்கும் குழந்தையை ஸ்கேனில் பார்ப்பது போன்றது. நார்வே நாட்டின் வடகடலில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் 1996 முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் வரை கடலடிப் பாறையில் புதைத்து வருகிறார்கள். செலுத்துவதற்கு முன்பே, 1994ல் எடுத்த படம் கையில் இருந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படமெடுத்து ஒப்பிட்டபோது, வாயு மெல்லிய களிப்பாறை அடுக்குகளைத் தாண்டி, கணித்ததைவிட விரைவாக மேல் அடுக்கை அடைந்தது தெரிந்தது. மேலே இருந்த பெரிய மூடி அதைத் தடுத்து நிறுத்தியது.

நில அதிர்வு: பாறையில் மிகச் சிறிய விரிசல் விழுந்தாலும் பதிவாகும் நுண்ணிய கருவிகளை நிலத்தில் பதிப்பார்கள். மனிதர்கள் உணரவே முடியாத அதிர்வுகளின் எண்ணிக்கை கூடுவதே முன்னறிவிப்பு.

தரைமட்டம்: சஹாராவில் பார்த்த ரேடார் செயற்கைக்கோள் முறை. வெறும் மண்ணும் பாறையுமான பாலைவனத்தில் இது அற்புதமாக வேலை செய்யும். நாற்று நட்டு நீர் பாய்ச்சும் வயலில் எதிரொலி தினமும் மாறுவதால் அவ்வளவு எளிதாகப் பலிக்காது. அங்கே நிலையான பிரதிபலிப்பான்களையோ தரையில் பதிக்கும் அளவுகோல்களையோ சேர்த்து வைக்க வேண்டும்.

நிலத்தடி நீரும் மண்ணும்: குடிநீர்க் கிணறுகளில் அமிலத்தன்மை, உப்புத்தன்மை, உலோகங்களின் அளவு மாறுகிறதா என்று பார்ப்பது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கரியமில வாயு கூடுகிறதா என்று அளப்பது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று வேண்டும். ஒரு துளி வாயுவைச் செலுத்துவதற்கு முன், அந்த இடம் இயல்பாக எப்படி இருந்தது என்ற பதிவு. கனடாவின் வெய்பர்ன் எண்ணெய் வயலில் 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த வாயுவைச் செலுத்துகிறார்கள். 2011ல் ஒரு விவசாயக் குடும்பம், தங்கள் நிலத்தில் வாயு கசிகிறது என்று புகார் சொன்னது. உலகம் முழுவதும் செய்தியானது. பிறகு நடந்த ஆய்வுகள், அது மண்ணும் செடிகொடிகளும் இயற்கையாக விடும் வாயுதான் என்று காட்டின. மண் மூச்சு விடும். மழைக்கும் வெயிலுக்கும் அதன் அளவு மாறும். முதல் பதிவு இல்லையென்றால் மக்களின் நியாயமான புகாரையும் நிரூபிக்க முடியாது, நிறுவனத்தின் நியாயமான மறுப்பையும் நிரூபிக்க முடியாது.

எண்ணிலிருந்து முடிவுக்கு

இத்தனை கருவிகளும் கொட்டும் எண்களைப் பார்த்து, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் என்ன செய்வார்? இங்குதான் முடிவெடுக்க உதவும் கணினி அமைப்புகள் வருகின்றன.

முதலில், பாறை அடுக்குகளின் மாதிரியைக் கணினியில் உருவாக்குகிறார்கள். இவ்வளவு வாயு செலுத்தினால், இத்தனை மாதத்தில் அழுத்தம் இவ்வளவு ஏறும், வாயு இவ்வளவு தூரம் பரவும் என்று அது முன்கூட்டியே சொல்லும். பிறகு கருவிகள் தரும் உண்மை எண்களோடு அதை ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போனால் மாதிரியின் மேல் நம்பிக்கை கூடும். விலகினால், மாதிரியைத் திருத்த வேண்டுமா அல்லது பூமிக்குள் ஏதோ தவறாகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, எல்லைகளை முன்பே எழுதி வைக்கிறார்கள். நம் சாலை சிக்னலைப் போலவே பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் வழக்கம்போல் நடத்தலாம். மஞ்சளுக்கு வந்தால் செலுத்தும் அளவைக் குறைத்து, கூடுதல் பரிசோதனை செய்ய வேண்டும். சிவப்பென்றால் உடனே நிறுத்தி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பே எழுதி வைப்பதில்தான் இதன் பலம் இருக்கிறது. பணம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்று மனித மனம் சாக்குச் சொல்லும். முன்பே எழுதிய எல்லை அந்தச் சாக்குக்கு இடம் கொடுக்காது.

நார்வேயின் ஸ்னோவிட் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2008ல் செலுத்தத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது. நினைத்ததைவிடப் பாறையில் இடம் குறைவு என்று சீஸ்மிக் படமும் அழுத்த அளவும் சேர்ந்து சொல்லின. பாறை தாங்கும் எல்லையைத் தொடும் முன், 2011ல், அதே கிணற்றில் வேறோர் அடுக்குக்குச் செலுத்துவதை மாற்றினார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் டெகேட்டர் என்ற ஊரில் ஏடிஎம் நிறுவனம் இதே வேலையைச் செய்கிறது. அங்கே 2024ல் ஒரு கண்காணிப்புக் கிணற்றின் உலோகம் அரித்துப்போய், அதன் வழியே திரவம் அனுமதிக்கப்படாத மேல் அடுக்குக்குள் நகர்ந்தது தெரியவந்தது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் அறிவிப்பு அனுப்பியது. நிறுவனம் செலுத்துவதை இடைநிறுத்தியது. குடிநீர் ஆதாரம் மாசுபட்டதாகக் கண்டறியப்படவில்லை. ஆனால் வேலியே பயிரை மேய்ந்த கதையாக, காவலுக்குத் தோண்டிய கிணறே கசிவுக்கு வழியானது. மூடிப்பாறை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதில் மனிதன் போட்ட ஓட்டைதான் பலவீனமான இடம் என்பதை கேபி-5ம் டெகேட்டரும் ஒன்றாகச் சொல்கின்றன.

குழாய்ப் பாதையும் அப்படியே. 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே கரியமில வாயுக் குழாய் உடைந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர், 45 பேர் மருத்துவமனைக்குச் சென்றனர். கனமழையில் மண் சரிந்ததே குழாய் உடையக் காரணம். பூமிக்கு அடியில் இருப்பதைக் கவனித்துக்கொண்டு, மேலே ஓடும் குழாயை மறந்துவிட முடியாது.

நம் ஊர்களுக்கு என்ன தொடர்பு?

வளைகுடாவில் இருக்கும் நம் உறவுகளுக்கு இது அன்றாட விஷயமாகிவிட்டது. சவூதி அரேபியாவின் கவார் எண்ணெய் வயலில் உத்மானியா பகுதியில் 2015 முதலும், அபுதாபியில் எமிரேட்ஸ் ஸ்டீல் ஆலையிலிருந்து 2016 முதலும் கரியமில வாயுவைப் பிடித்து எண்ணெய் வயலுக்குள் செலுத்துகிறார்கள். இரண்டும் ஆண்டுக்கு 8 லட்சம் டன் திறன் கொண்டவை. எண்ணெயைக் கூடுதலாக வெளியே தள்ளுவதற்கே இந்த வாயு முதலில் பயன்படுகிறது, கூடவே ஒரு பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் எண்ணெயை எரித்தால் மறுபடியும் புகைதானே என்ற விமர்சனமும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நம் நாட்டில், குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையில் வெளியாகும் வாயுவை காந்தார் எண்ணெய் வயலுக்குள் செலுத்த 2019ல் இந்தியன் ஆயிலும் ஓஎன்ஜிசியும் ஒப்பந்தம் செய்தன. 2022 நவம்பரில் நிதி ஆயோக் இதற்கான கொள்கை வரைவை வெளியிட்டது. தமிழகத்தில் தூத்துக்குடியில் ஓர் இரசாயன ஆலை 2016ல் வேறு வழியைக் காட்டியது. கொதிகலன் புகையிலிருந்து பிடித்த கரியமில வாயுவைப் புதைக்காமல், சோடா உப்புத் தயாரிக்கப் பயன்படுத்தியது. நல்ல வழிதான். ஆனால் எல்லா அனல் மின்நிலையங்களின் வாயுவையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு உலகத்துக்குச் சோடா உப்பு தேவைப்படாது. எனவே புதைக்க இடம் தேடுவார்கள். ஆழமான மணற்பாறையும் மூடிப்பாறையும் தமிழகத்தில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், விரல் காவிரிப் படுகையை நோக்கித்தான் நீளும்.

நாகூரும் அடியக்கமங்கலமும் முத்துப்பேட்டையும் கீழக்கரையும் அந்தப் படுகையின் மேல்தான் இருக்கின்றன. இந்தப் பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வானகரத்துக்கும் வந்தவர்கள் நம்மில் பலர். அங்கே நரிமணம் முதல் இராமநாதபுரம் வரை எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான கிணறுகள் தோண்டப்பட்டுள்ளன. அவற்றுள் கைவிடப்பட்டவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கேபி-5 ஆகக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது எழுந்த மக்கள் போராட்டம் நமக்கு நினைவிருக்கிறது. 2020ல் தமிழக சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போட்டது. அந்தச் சட்டம் பேசுவது வெளியே எடுப்பதைப் பற்றி. உள்ளே செலுத்துவதற்கும் அதே பாதுகாப்பு உண்டா என்பதை நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள்

இத்தகைய திட்டம் எந்த ஊருக்கு வந்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஜமாஅத் நிர்வாகிகளும் ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் சேர்ந்து கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: செலுத்துவதற்கு முன் குறைந்தது ஓராண்டு, குறுவை, சம்பா, கோடை என்று எல்லாப் பருவத்திலும் மண்ணும் நிலத்தடி நீரும் அளக்கப்பட்டனவா? அந்தப் பதிவின் நகல் ஊராட்சியில் இருக்கிறதா?

இரண்டு: சுற்றுவட்டாரத்தில் உள்ள பழைய கிணறுகள் அனைத்தும் கண்டுபிடிக்கப்பட்டு, முறையாக அடைக்கப்பட்டுள்ளனவா?

மூன்று: பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லைகள் எழுதப்பட்டுள்ளனவா? சிவப்பு வந்தால் நிறுத்தும் அதிகாரம் இலாபம் பார்ப்பவரிடம் மட்டும் இருக்கிறதா, வெளியிலிருந்து கண்காணிக்கும் அதிகாரியிடமும் இருக்கிறதா?

நான்கு: அளவீடுகள் மக்களுக்குத் தமிழில், எளிதாகப் புரியும்படி வெளியிடப்படுமா? மஞ்சள் நிலை வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஊருக்குச் சொல்வார்கள்?

ஐந்து: குழாய் உடைந்தால் எந்தத் திசையில் மக்களை வெளியேற்றுவது? கனமான வாயு தாழ்வான பகுதிக்கு ஓடும். பள்ளியும் மருத்துவமனையும் எங்கே இருக்கின்றன? தீயணைப்பு வீரர்களிடம் சுவாசக் கருவிகள் உண்டா?

ஆறு: திட்டம் முடிந்து நிறுவனம் போன பிறகு யார் பார்ப்பார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பொறுப்பு அரசுக்கு மாற, மூடிய பிறகு பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் ஆக வேண்டும். அமெரிக்க விதிப்படி, செலுத்தி முடித்த பிறகும் வழக்கமாக 50 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும். நம் நாட்டில் எத்தனை ஆண்டுகள்? அதற்கான பணத்தை முன்கூட்டியே தனியாக எடுத்து வைப்பார்களா?

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. பதில் இல்லையென்றால், "நவீனத் தொழில்நுட்பம், எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும்" என்ற சொல்லில் மயங்க வேண்டியதில்லை. கணினி எச்சரிக்கும், நிறுத்த வேண்டியது மனிதன்.

கேள்வி கேட்பதோடு நின்றுவிடாமல், பதில் சொல்லும் இடத்திலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். பொறியியல் என்றாலே கம்ப்யூட்டர் சயின்ஸ், மருத்துவம் என்றாலே நீட் என்று நாம் ஓடுகிறோம். சென்னை மாநிலக் கல்லூரியிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்திலும் புவியியல் பாறையியல் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. நிலத்துக்கு அடியில் நடப்பதைப் படிக்கத் தெரிந்தவர்களும், அந்தத் தரவுகளைக் கணினியில் ஆராயத் தெரிந்தவர்களும் வரும் ஆண்டுகளில் வளைகுடாவிலும் இங்கேயும் தேவைப்படுவார்கள். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளிடம், பெண் பிள்ளைகளிடமும், இந்த வழியையும் எடுத்துச் சொல்வோம்.

பூமிக்குள் வைக்கும் வாயு ஓராண்டு, ஈராண்டுக்கானதல்ல. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அங்கேயே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அது ஓர் அமானிதம். ஒப்படைக்கும்போது கணக்கு எழுதி, சாட்சி வைத்து, காவல் போட்டு ஒப்படைப்பதே முறை. அந்தக் கணக்கும் சாட்சியும் காவலும் கண்ணுக்குத் தெரியும்வரை, நம் ஊர் மண்ணில் கையெழுத்துப் போட நாம் அவசரப்பட வேண்டியதில்லை.